கீழ்த்தட்டு நனையவில்லை

ரெக்கார்டைக் குறுக்கே துடைக்கக் கூடாது மேடம். எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். கோடு வட்டமாகப் போகிறது என்றால் துணியும் வட்டமாகத்தான் போக வேண்டும். குறுக்கே இழுத்தால் அழுக்கு வெளியே வராது, கோட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஊசி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் வீட்டிலிருந்து உங்களிடம் வந்த இரண்டு ரெக்கார்டில் ஒன்றை உங்கள் ஏட்டு காலையில் கர்ச்சீப்பால் குறுக்கே துடைத்துக்கொண்டிருந்தார். சேறு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருப்பார். இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் ஸ்ரீதர். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சத்தம் பிடிக்கிற வேலை. புது வண்டியைக் கரடுமுரடான பாதையில் ஓட்டுவார்கள், நான் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டேஷ்போர்டுக்குள் ஒரு கிளிப் சரியாகப் பொருந்தாவிட்டால் கிடுகிடுவென்று ஒரு சத்தம் வரும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, வாங்குகிறவருக்கு ஆறு மாதம் கழித்துத் தெரியும். எனக்கு அன்றே தெரிந்துவிடும். கை வைத்து இடத்தைக் காட்டுவேன், பிரித்துச் சரிசெய்வார்கள். இந்த வேலை பார்க்கிறவனோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம் என்று என் மனைவி லீலா சொல்லுவாள். மிக்சி, மின்விசிறி, எதிர் வீட்டு கேட், எதையும் நான் சும்மா விடுவதில்லை. எதிர் வீட்டு ஜாஸ்மின் ஒருநாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது நான் அவர்கள் கேட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தேங்க்ஸ் அண்ணா என்றாள்.

லீலாவைக் கல்யாணம் செய்துகொண்டு வல்லம் வடகால் பக்கம் இருக்கும் அவள் அப்பா வீட்டிலேயே தங்கினேன். வீட்டோடு மாப்பிள்ளை. அவள் அப்பா பாண்டுரங்கன், அதாவது என் மாமா, மைக்செட் வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ ஆடித் திருவிழாவோ, பனைமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போடுகிறவர் அவர்தான். மைக்செட் போய்விட்டது, ரெக்கார்டுகள் மட்டும் இருந்தன. கூடத்தில் மூன்று தட்டு இரும்பு ரேக் நிறைய. நான் பெண் பார்க்கப் போனபோது பெண்ணைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்று லீலாவின் சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். மாப்பிள்ளை பொண்ணக் கட்டினாரா, பிளேட்டக் கட்டினாரா என்பார்கள். நானும் சிரிப்பேன்.

ரெக்கார்டுகள் இருந்த கோலத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மாமா வேட்டி முனையில் எச்சில் தொட்டுத் துடைக்கிறவர். பட்டாசுப் புகை, சந்தனம், பந்தல் மண், எல்லாம் கோட்டுக்குள். நான் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் வாங்கிவந்தேன். அதில் கொஞ்சம் ஆல்கஹால், ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்பு. நடுவில் இருக்கும் காகிதம் நனையாமல் பிளாஸ்டிக் மூடி வைத்து அழுத்திக்கொண்டு, மெல்லிய துணியால் கோட்டோடு கோடாகத் துடைத்தேன். முதல் ரெக்கார்டில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. அட்சதை மஞ்சள். யார் யார் கல்யாணத்து மஞ்சளோ. அதை வாஷ்பேசினில் ஊற்றினேன். பாத்திரம் வடிக்கிற ஸ்டாண்டில் ரெக்கார்டை நிறுத்திக் காயவைத்து, புது உறையில் போட்டு மாமாவிடம் கொண்டுபோனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாமா ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். கரகரப்பு ஒன்றுகூட இல்லை. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது.

"இன்னா மாப்ள இது, ஜனமே வராத கல்யாணம் மாதிரி கீது" என்றார்.

இந்த வார்த்தை எனக்கு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வலித்த கையோடு அடுத்த ரெக்கார்டைக் கழுவப் போய்விட்டேன். நான் கழுவுவேன், அவர் எடுத்துப் போட்டு மறுபடி வேட்டியால் துடைப்பார். மறுபடி கழுவுவேன். இப்படியே வருஷக்கணக்கில் போனது, எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

பிறகு மாமாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும். கூடத்திலேயே கட்டில் போட்டோம், ரேக்கை ஒட்டி. நல்ல ரெக்கார்டு எல்லாம் கீழ்த்தட்டில், ஏனென்றால் அங்கே வெயில் சூடு படாது, இடது கையை நீட்டினால் அவருக்கும் எட்டும். தேய்ந்துபோனது, கீறல் விழுந்தது எல்லாம் மேல்தட்டில். அவரைக் காலையில் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டியது நான். சவரம் செய்துவிட்டது நான். லீலா போன் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவள், அவளால் முடியாது. நான் குனிந்தால் இடது கையை நீட்டி என் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். கனமே இல்லை. ரெக்கார்டு அடுக்கு ஒன்றைத் தூக்குவதைவிட லேசு. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஸ்ரீதர் மாதிரி ஒரு மாப்பிள்ளை கிடைக்காது என்பார்கள். இப்போது கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது.

நயினார் என்று ஒருவர். மாமாவிடம் வேலை கற்றுக்கொண்டவர், இன்னமும் வல்லக்கோட்டைப் பக்கம் மைக்செட் நடத்துகிறார். மழைக்குச் சில நாள் முன்பு மாமாவைப் பார்க்க வந்திருந்தார். நானும் லீலாவும் இருக்கும்போதே மாமா அவரிடம் சொன்னார்.

"நயினாரு, வர்ற ஞாயித்துக்கெழம வண்டி எட்தாந்து பிளேட்டு மொத்தத்தையும் ஏத்திக்கினு போய்டு. கோயில் விசேசத்துக்குப் போடு. இங்க இருந்தா மாப்ள சோப்பு போட்டே அதுங்கள கொன்னுடுவாரு."

லீலா சிரித்தாள். நயினார் சிரித்தார். நானும் சிரித்தேன். நயினார் நல்ல மனிதர், ஆனால் திறந்த மைதானத்தில் பாட்டுப் போடுகிறவர். அவர் வைத்திருக்கும் ஊசியை ஒருதரம் பார்த்திருக்கிறேன், மழுங்கினது, கோட்டையே சுரண்டிவிடும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியாவது மாமாவின் மனசை மாற்றச் சொல்லி லீலாவிடம் கேட்டேன். "அவரோடதுங்க, அவரு யாருக்கு வேணா குடுக்கட்டும்" என்றாள். நியாயம்தான்.

அந்த வாரம்தான் புயல் வந்தது. எங்கள் தெருவில் ரோட்டை ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வீடு ரோட்டைவிடத் தாழ்ந்துபோய்விட்டது. ஏரி நிரம்பினால் தண்ணீர் போகிற கால்வாயின் மேல் இன்று ஏதோ ஒரு கம்பெனியின் மதில் நிற்கிறது. அதனால் பெரிய மழைக்குக் கூடத்தில் கணுக்கால் வரை தண்ணீர் வரும், நின்று வடிந்துவிடும். இந்த முறை வடியவில்லை. லீலா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போன் செய்தாள்.

"பஸ்ஸு எடுக்கமாட்டோம்னு சொல்லிட்டாங்க. கேன்டீன்லயே இருக்க சொல்றாங்க. அப்பாவ மொதல்ல மாடிக்குத் தூக்கிக்கினு போய்டுங்க, சரியா?"

சரி என்றேன். அதற்குப் பிறகு சிக்னல் போய்விட்டது.

மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இந்த வாட்டி வேகமா வருது மாப்ள" என்று இடது கையை நீட்டினார். வழக்கம்போல என் கழுத்தைப் பிடித்துக்கொள்ளத்தான். "ஒரு நிமிஷம் மாமா, இத மேல வெச்சிட்டு வந்துடறேன்" என்று கீழ்த்தட்டிலிருந்து முதல் அடுக்கை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கட்டில் அதைவிட உயரம். முதலில் எது நனையுமோ அதைத்தானே முதலில் எடுக்க வேண்டும். தவிர, மனிதர் நனைந்தால் துவட்டிவிடலாம். அட்டை நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், அதற்கு மருந்தே கிடையாது.

அடுத்த முறை இறங்கியபோதும் கையை நீட்டினார். அதற்கடுத்த முறையும் நீட்டினார். பிறகு நீட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நான் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்திருந்தது. கீழ்த்தட்டு காலியாகிவிட்டது. "போதும் மாப்ள" என்றார். "நடுத்தட்டு இருக்கு மாமா" என்றேன். நான் அவரிடம் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை.

நடுத்தட்டை முடித்து, ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்கு வந்தபோது எதிர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஜாஸ்மின் கூப்பிட்டாள்.

"அண்ணா, தாத்தாவ மேல தூக்கியாச்சா? இல்லன்னா இவர அனுப்பறேன், நீச்சல் தெரியும்."

"ஆச்சும்மா" என்றேன்.

அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். அவள் சொன்னது அத்தனையும் சரி. அவள் வீட்டுக்காரர் வந்திருந்தால் நானும் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு மேல்தட்டை எடுத்தேன். இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பிடிப்பீர்கள் என்று நினைத்தேன், நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மேல்தட்டு வரை தண்ணீர் வராது என்று எனக்குத் தெரியும். அது என் நெஞ்சு உயரம். அதில் இருந்தவையும் தேய்ந்த சரக்கு, போனால் போகட்டும் என்று விடக்கூடியவை. ஆனால் அதை எடுக்காமல் விட்டால், எடுப்பதற்கு மாமா மட்டும்தான் மிச்சம். அதனால் எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, நிறைய முறை ஏறி இறங்கி எடுத்தேன்.

எல்லாம் மேலே வந்தபிறகு மாடி அறையில் உட்கார்ந்து பிளேயரைத் துடைத்தேன். ஈரக்கையோடு தூக்கியதில் மூடியெல்லாம் விரல் தடம். நிதானமாகத் துடைத்தேன். திரும்ப இறங்கியபோது கட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை, மாமா சாய்ந்திருந்த இடத்திலிருந்து தண்ணீருக்குள் சரிந்து கிடந்தார். அப்போது மாமாவைத் தூக்கினேன். மேலே கொண்டுபோய்ப் பாயில் படுக்கவைத்து, உலர்ந்த துண்டால் துவட்டினேன். தலையை நன்றாகத் துவட்டினேன். வேறு வேட்டி கட்டிவிட்டேன்.

பிறகு என்ன சொல்வது என்று யோசித்தேன். மாடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்து மனையின் மதில் விழுந்து வெள்ளம் ஒரே மூச்சில் உள்ளே வந்துவிட்டது, ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்தது, ரெக்கார்டை எல்லாம் அப்புறம்தான் ரேக்கிலிருந்து எடுத்துவந்தேன் என்று சொல்லலாம். மதில் உண்மையாகவே விழுந்திருந்தது, கதை பொருந்தியது. ஆனால் ஒரு ரெக்கார்டுகூட நனையாமல் இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். எனவே சிலதை எடுத்துக்கொண்டு கீழே போய், உறையோடு சேற்றுத் தண்ணீரில் முக்கினேன்.

அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று உங்களுக்குப் புரியாது மேடம். வருஷக்கணக்காக நான் ஒரு தூசு பட விடாதவன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லதைத் தொட மனசு வரவில்லை. மேல்தட்டுச் சரக்கைத்தான் முக்கினேன்.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்தபிறகு லீலா டிராக்டரில் வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்ததுமே "அப்பா எங்க?" என்றாள். மாடியைக் காட்டினேன். அவள் அழுததை இங்கே விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் சொன்ன கதையை அவள் ஒரு வார்த்தை மறுத்துக் கேட்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது தப்பிச்சீங்களே" என்றாள். வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஜாஸ்மின் மட்டும் வாசலோடு போய்விட்டாள். தாத்தாவை மேலே கொண்டுவந்தபிறகு மாரடைப்பில் போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

காரியத்தன்று நயினார் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே ரேக்கைப் பார்த்தார். நடுத்தட்டை ஒட்டி ஒரு சேற்றுக் கோடு இருந்தது, தண்ணீர் நின்ற அடையாளம். நான் அதைத் துடைக்க மறந்துவிட்டேன். ரேக் இரும்பு, அதை நான் கவனிப்பதே இல்லை. பிறகு அவர் மாடிக்குப் போய், ஸ்டாண்டில் சேற்றோடு நிறுத்தி வைத்திருந்த ரெக்கார்டுகளையும் அடுக்கில் இருந்தவற்றையும் புரட்டிப் பார்த்தார். எது எந்தத் தட்டில் இருந்தது என்பது மாமாவுக்கும் எனக்கும் அடுத்தபடியாக அவருக்குத் தெரியும். லீலாவுக்குத் தெரியாது.

"மாப்ள, தண்ணி நடுத்தட்டு வரிக்கும்தான ஏறிகீது" என்றார். "கீழ்த்தட்டு பிளேட்டெல்லாம் பவுடர் போட்ட மாதிரி கீது. மேல்தட்டு பிளேட்டுதான் சேறா கீது. வெள்ளம் இன்னா, மேலேர்ந்தா எறங்கிச்சி?"

அவர் சந்தேகத்தில் கேட்கவில்லை. ஆச்சரியமாகக் கேட்டார். ஆனால் லீலா அவருக்குப் பின்னால் மோர் சொம்போடு நின்றிருந்தாள். அவளும் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறவள். இறங்கிப் போனாள். எதிர் வீட்டுக்குப் போய் ஜாஸ்மினிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போகும்வரை பரிமாறினாள். அதற்குப் பிறகு சமையலறையில் என்னை நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் முன்னாடியே ஏத்திட்டீங்க, இல்ல?"

நேராகக் கேட்டால் எனக்குப் பொய் வராது. ஆமாம் என்றேன்.

"நீங்க ஏறி எறங்கச்சொல்ல அப்பா பாத்துக்கினு இருந்தாரா?"

ஆமாம் என்றேன்.

அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. வாசலுக்குப் போய் நயினாரைக் கூப்பிட்டு, வண்டியைப் பின்பக்கமாக எடுக்கச் சொன்னாள். அத்தனை ரெக்கார்டையும் அவளே சுமந்துவந்து ஏற்றினாள். படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. செங்குத்தாக நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வளைந்துவிடும் என்று சொன்னேன். வண்டியில் ஒரு தார்ப்பாய்கூட இல்லை. நயினார் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி போனபிறகு, ஒதுக்கி வைத்திருந்த இரண்டு ரெக்கார்டை எடுத்துக்கொண்டு அவள் உங்களிடம் வந்தாள். சேறு பட்டது ஒன்று, படாதது ஒன்று.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும் என்றிருந்தது. மாமா இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமோ பகையோ கிடையாது. அவரை நான் தண்ணீரில் தள்ளவில்லை, அமுக்கவில்லை. தூக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு என்ன பெயரோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மாடியில் பிளேயரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து எதுவும் கேட்கவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்டது. டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினார். முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. அப்புறம் கூப்பிட ஆரம்பித்தார். குழறலே இல்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் அவர் கூப்பிட்டது லீலாவை. லீலா, லீலா என்று, ஷிப்டில் இருக்கிறவளை, வீட்டில் இல்லை என்று தெரிந்தும் கடைசிவரை அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் துணியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன் மேடம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மாப்ள என்று கூப்பிட்டிருந்தால் இறங்கிப் போயிருப்பேன்.